ஐந்தாம் வகுப்பும் ஆறாம் வகுப்பும்

ஒரு பிள்ளையின் படிப்பு பாதியில் நின்றுபோனால், "அவன் தலையெழுத்து அவ்வளவுதான்" என்று சொல்லி முடித்துவிடுவது நம் மக்களின் நெடுநாளைய வழக்கம். அந்த எழுத்தை எழுதினது யார் என்று மாத்திரம் ஒருவரும் கேட்பதில்லை. நம்மைக் கேட்டால், அது எழுதப்படும் இடங்களில் ஒன்று ஐந்தாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் நடுவிலுள்ள கோடை விடுமுறை என்றும், எழுதுகின்றவர்கள் மனிதர்களே என்றும்தான் சொல்லுவோம்.

ஆரம்பப் பள்ளியிலே பிள்ளைக்கு இரண்டொரு உபாத்தியாயர்கள். பிள்ளையின் வீட்டு நிலைமை இன்னது, அதற்கு வருவது இன்னது, வராதது இன்னது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஜூன் மாதத்தில் அதே பிள்ளை வேறு பள்ளிக்குப் போகின்றது. 1 கிலோமீட்டருக்குள் ஆரம்பப் பள்ளி வேண்டும் என்கின்ற விதிகளே, ஆறாம் வகுப்புக்கு 3 கிலோமீட்டர் வரையில் இடங்கொடுக்கின்றன. அங்கே பாடத்துக்கு ஓர் உபாத்தியாயர். ஒருவருக்கும் இதன் பெயர்கூடத் தெரியாது. 2022-ல் துவக்கப்பட்ட காலைச் சிற்றுண்டித் திட்டமும் ஐந்தாம் வகுப்பு வரைக்குமென்றே வகுக்கப்பட்டது. பத்து வயதில் பசித்த வயிறு பதினோராம் வயதில் பசியாதா?

"நாங்களெல்லாம் இப்படிப் போய்ப் படிக்கவில்லையா?" என்று சிலர் கேட்கக்கூடும். தகப்பனும் பாட்டனும் படித்த வீட்டுப் பிள்ளைக்கு வழி சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கின்றது. தலைமுறையில் முதன்முதலாகப் படிக்கவந்த கூலிக்காரன் மகளுக்கு யார் இருக்கின்றார்கள்? பள்ளிக்கூடம்தானே அந்த ஆளாக இருக்க வேண்டும்?

நிற்க, கண் தெரியாத, காது கேளாத, நடக்க முடியாத, அல்லது மெதுவாய்க் கற்கின்ற பிள்ளைகளின் கதியோ இன்னும் மோசம். முன்ஜென்மத்துப் பாவம் என்று வைதிகன் சொல்லுகிறான். பெற்றோரும் நம்பி, ஐந்து வகுப்போடு போதுமென்று வீட்டில் உட்கார வைத்துவிடுகிறார்கள். படி ஏற முடியாத பிள்ளையைத் தடுப்பது பாவமா, சாய்தளம் கட்டாத சோம்பேறித்தனமா? 1852-ல் இறந்த லூயி பிரெயில் என்னும் பிரெஞ்சுக்காரர் சிறு வயதிலேயே கண்ணை இழந்தவர். விரலால் தடவிப் படிக்கும் எழுத்தை அவர் பதினைந்து வயதிலேயே கண்டுபிடித்தார். அவரையும் கர்மபலன் என்று மூலையில் உட்கார வைத்திருந்தால் உலகத்துக்கு அந்த எழுத்து கிடைத்திருக்குமா?

சட்டம் இல்லாமலில்லை. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், மாற்றுச் சான்றிதழ் தாமதமானது என்பதற்காக எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் சேர்க்க மறுக்கக்கூடாது என்கின்றது. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நாற்பது சதவிகிதமும் அதற்கு மேலும் ஊனமுள்ள பிள்ளைகளுக்கு 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டென்றும், அது பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது அவர்கள் விருப்பம் என்றும் சொல்லுகின்றது. ஆனால் சட்டம் பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்துப் போகாது. அதை மனிதர்கள்தான் செய்ய வேண்டும்.

இதற்குப் பெரிய பணம் ஒன்றும் வேண்டியதில்லை. ஏப்ரலிலேயே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றோரோடு புதுப் பள்ளிக்கு ஒருநாள் அழைத்துப்போய், வகுப்பறையையும் கக்கூசையும் தண்ணீர்க் குழாயையும் காட்டலாம். முன் வரிசையில் உட்கார வேண்டியது யார், காது கருவி யாருக்கு, கணக்கு மெதுவாய் வருவது யாருக்கு என்பதைப் பழைய உபாத்தியாயர் புது உபாத்தியாயரிடம் நேரில் ஒப்படைக்கலாம். ஜூனில் எந்தப் பெயர் குறைகின்றதென்று பார்த்து, அந்த வீட்டுக்கு ஒரு நடை நடக்கலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் பொறுப்பாளி ஒருவர் இருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

இதைச் செய்யாத சர்க்கார், 2019-ல் ஐந்தாம் வகுப்புக்கே பொதுப் பரீட்சை என்று உத்தரவு போட்டு, பலத்த எதிர்ப்பின்மேல் 2020-ல் வாபஸ் வாங்கிற்று. வாசலில் பாலம் போட வேண்டியவர்கள் பூட்டுப்போடப் பார்த்தார்கள் என்பதை மக்கள் மறக்கக்கூடாது.

ஆகவே, பெற்றோரும் உபாத்தியாயர்களும் நமது இளைஞர் சங்கத்தாரும் தத்தம் ஊரில் இவ்வருஷம் ஐந்து முடித்தவர்கள் எத்தனை பேர், ஆறில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம். இரண்டு தொகைக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ, அவ்வளவும் விதியல்ல, நம்முடைய அலட்சியமே என்பது நமது அபிப்பிராயம்.