கேள்வி கேட்பது குற்றமா?

கடினமான கணக்கை வகுப்பில் முதலாவதாக முடிக்கும் மாணவி, வீட்டுப்பாட நோட்டை மட்டும் நாள்தோறும் மறந்து வருகிறாள். மருத்துவர் 'கவனக்குறைபாடு' என்றதும் நம்மில் சிலர், "கெட்டிக்காரிக்கு அப்படியொன்றும் இராது, வெறும் சோம்பல்" என்று தள்ளிவிடுகிறோம். வேறு சிலர் ஒரு வார்த்தையும் கேளாமல் தலையாட்டுகிறோம். இரண்டும் பிள்ளைக்கு நன்மை தரா.

அறிவுக்கூர்மையும் கவனக்குறைபாடும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருக்கக்கூடும். கதைப் புத்தகத்தில் மணிக்கணக்காக மூழ்குவதால் குறையே இல்லை என்றாகாது. குறும்பு செய்யாமல் சன்னலோரம் கனவு காணும் பெண்பிள்ளையின் தொல்லையோ எளிதில் எவர் கண்ணிலும் படுவதில்லை.

ஆயினும் நாம் கேட்க வேண்டியவை உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேட்டின்படி, அறிகுறிகள் 6 மாதமேனும் நீடிக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே சில தோன்றியிருக்க வேண்டும். பள்ளி, வீடு என ஓரிடத்திற்கு மேல் காணப்பட வேண்டும். பாடம் மிக எளிதானதால் வந்த சலிப்பா? கண்ணும் காதும் சோதிக்கப்பட்டனவா? போதிய தூக்கம் உண்டா? வகுப்பாசிரியையைக் கேட்டார்களா?

இவற்றைப் பணிவுடன் கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. விடை தெளிவானால் சிகிச்சையை மனமார ஏற்போம். எவ்வாறாயினும், பெற்றோரே, பிள்ளையைச் 'சோம்பேறி' என்றழைப்பதை இன்றே விடுவோம்.