மாத்திரையும் தேத்தண்ணியும்

கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டை பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கண்டிக்கோ பேராதனைக்கோ கிளினிக் போய் வரும் பலருடைய கையில் மருந்துப் பையோடு ஒரு கடதாசியும் இருக்கும். எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று எழுதிய கடதாசி. அநேகமாக அது சாமிப் படத்துக்குப் பின்னால் போய்விடுகிறது.

நம் சகோதரி ஒருவருக்குச் சீனி வருத்தத்தால் காலில் புண். ஆஸ்பத்திரியில் கொடுத்த கடதாசி சிங்களத்தில் இருந்தது. "வீட்டில் என்ன சாப்பாடு?" என்று கேட்டபோது, வெட்கப்பட்டு "சோறும் கறியும்" என்று சொல்லிவிட்டார். காலையும் இரவும் கோதுமை மா ரொட்டியும் சம்பலும்தான் என்று சொல்லவில்லை. அவர் உண்ணாத சாப்பாட்டுக்கு ஆலோசனை கிடைத்தது.

அடுத்த முறை படிக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு போய் உள்ளதைச் சொன்னார். போஷாக்கு ஆலோசகர் ரொட்டியை நிறுத்தச் சொல்லவில்லை. மூன்றை இரண்டாக்கி, பருப்பு அல்லது நெத்தலியோடு ஒரு கை கீரை சேர்க்கச் சொன்னார். புண் ஆறச் சீனி குறைந்தால் மட்டும் போதாது, புரதமும் வேண்டும் என்று விளக்கினார். தேத்தண்ணியில் சீனி வேண்டாம் என்றார்.

தேத்தண்ணியைப் பற்றி இன்னொன்றும் நாம் அறிய வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் இலவசமாகக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பலர் தேத்தண்ணியோடு விழுங்குகிறார்கள். தேயிலைச் சாயம் அந்தச் சத்தை உடலில் சேரவிடாது. மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தேத்தண்ணியைத் தள்ளி வையுங்கள். தேசிக்காயோ கொய்யாப்பழமோ சேர்த்தால் சத்து நன்றாகச் சேரும். இதற்குப் பெரிய செலவில்லை.

ஆனால் எல்லாமே செலவில்லாத காரியமல்ல. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் அது 32. நம் தாய்மாருக்கு அறிவில்லாததால் வந்த வித்தியாசமா இது? முட்டையும் மீனும் வாங்கச் சம்பளம் வேண்டும். கீரை போட நிலம் வேண்டும். சம்பளக் கோரிக்கையை ஆலோசனைக் கடதாசியால் மூடிவிட முடியாது. அதே நேரம், சம்பளம் கூடும் வரை புண்ணும் காத்திருக்காது.

ஆகவே நாம் கேட்பது மூன்று. ஒன்று, ஆலோசனை தமிழில் தரப்பட வேண்டும். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பு சொல்கிறது, இது சலுகையல்ல. இரண்டு, மாதம் ஒரு முறையாவது போஷாக்கு ஆலோசகர் தோட்டத்துக்கு வர வேண்டும். பிள்ளை மடுவத்தில் நிறை பார்க்கும் நாளே அதற்கு ஏற்ற நாள். மூன்று, கிளினிக் போன நாளுக்குப் பேர் போட வேண்டும். ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்று பயந்துதான் பலர் இரண்டாம் முறை போவதில்லை.

நம் பங்கும் உண்டு. அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு முன், சீனி வருத்தக்காரர், புண் ஆறாதவர், கர்ப்பிணிகள் யார் யார் என்று தலைவர்மாரும் மாதர் சங்கத் தலைவிமாரும் லயம் லயமாகக் கேட்டு வையுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்றைத் துணைக்கு அனுப்புங்கள். சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கும் கடதாசியையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். ஆலோசகர் கேட்டால் ரொட்டி என்றே சொல்லுங்கள். அதில் வெட்கப்பட நமக்கு ஒன்றுமில்லை.