பாம்புக்கும் தடிமன் உண்டு

பாம்புக்குத் தடிமன் பிடிக்குமா என்று வினவினால் நம்மவர் பலரும் நகைப்பர். பாம்பு சீறும், கடிக்கும், பழிவாங்கும், பால் குடிக்கும் என்று மெய்யும் பொய்யுமாக நாம் அறிந்துவைத்திருப்பவை பல. மூக்கு வடியும் என்பதை மட்டும் எவரும் சொன்னதில்லை. ஆயினும் பாம்புக்கும் சுவாசப்பை உண்டு. சுவாசப்பை உள்ள உயிருக்கு அதிலே நோயும் உண்டு. அது பாம்பின் பாடு, நமக்கென்ன என்று இருந்துவிடவும் முடியாது. மன்னாரிலே வடலிக்குள் ஓலை பொறுக்கப் போய்ச் சுருட்டை விரியனிடம் கடிவாங்கியவருக்கு வைத்தியசாலையில் ஏற்றும் மருந்து, மனிதர் பிடித்து அடைத்து வைத்திருக்கும் பாம்புகளின் நஞ்சிலிருந்து பிறப்பது. அப்பாம்புகள் மூச்சு முட்டிச் செத்தால் மருந்துக்குத்தான் முடை.

முதலிற் பாம்பின் மூச்சுக் கருவியைப் பார்ப்போம். நமக்கு நெஞ்சின் இருபுறமும் சுவாசப்பை இருக்க, நாகம், விரியன், சாரை முதலிய பெரும்பாலான பாம்புகளுக்கு வலப்பை ஒன்றே வேலை செய்கிறது. இடப்பை சூம்பிக் கிடக்கும். அல்லது இல்லாமலே போயிருக்கும். வெங்கிணாந்தி என்று நாம் சொல்லும் மலைப்பாம்புக்கு இரண்டும் உண்டு. நீண்டு கிடக்கும் அவ்வலப்பையின் முற்பகுதியிலேதான் குருதி நாளங்கள் அடர்ந்து ஒட்சிசனை ஏற்கின்றன. பிற்பகுதி வெறும் காற்றுறை. மூச்சுக்குழலின் வாயோ நமக்குப்போலத் தொண்டைக்குள் மறைந்திராது, வாயின் கீழ்த்தளத்தில் முன்னே வந்து நிற்கும். தன் தலையினும் பருத்த எலியை நெடுநேரம் நின்று விழுங்கும்போது, அக்குழல்வாயைப் பக்கவாட்டில் வெளியே நீட்டிப் பாம்பு காற்று வாங்கிக்கொள்ளும்.

கடற்பாம்புகளில் இவ்வமைப்பு இன்னும் வியப்பானது. பேசாலையிலும் தலைமன்னாரிலும் வலை இழுப்போர் இவற்றை நன்கு அறிவர். துடுப்புப்போலத் தட்டையான வாலும், நீர் புகாமல் மூடும் மூக்குத் துளைகளும் கொண்ட இவற்றின் சுவாசப்பை ஏறக்குறைய வாலடிவரை செல்கிறது. மஞ்சள் வயிற்றுக் கடற்பாம்பு தனக்கு வேண்டிய ஒட்சிசனில் மூன்றிலொரு பங்குவரை தோலாலேயே நீரிலிருந்து பெறக்கூடும் என்று ஆய்ந்து கண்டிருக்கின்றனர். இத்தனை வசதி இருந்தும் மூச்சுவிட மேலே வந்தே ஆக வேண்டும். வலையிற் சிக்கி மேலெழ வழியில்லாது போனால், கடலிற் பிறந்த பாம்பு கடலிலேயே மூழ்கிச் சாகும்.

இனிக் குறைக்கு வருவோம். நெஞ்சையும் வயிற்றையும் பிரித்து நிற்கும் பிரிமென்றகடு என்னும் தசைத்தட்டு பாம்புக்கு இல்லை. ஆதலால் அதனால் நம்மைப்போல் இருமமுடியாது. நமக்குச் சளி கட்டினால் நாலு நாள் இருமித் துப்பிவிடுவோம். துணைக்குக் கொத்தமல்லிக் குடிநீரும் இருக்கும். பாம்புக்கோ சளி அந்த நீண்ட பைக்குள்ளேயே தேங்கிவிடும். தலையை உயர்த்திக் காற்றுக்குத் தவிப்பது ஒன்றே அதற்கு இயலும். வாய் திறந்தே இருக்கும், மூக்குத் துளையிற் குமிழி தோன்றும், மூச்சு கரகரக்கும், இரை பக்கத்தில் வந்தாலும் திரும்பிப் பாராது. தேங்கிய சளியிலே பற்றீரியாக்கள் குடியேறினால் நோய் இருமடங்காகும்.

கிடுகு வேலியடியில் இந்தக் கோலத்தில் ஒரு பாம்பைக் காண்பவர், அது சினங்கொண்டு நஞ்சைக் கக்குகிறது என்றே எண்ணுவார். வாயோரத்து நுரை நஞ்சன்று, சளி. அதற்காக, நோய்ப்பட்ட பாம்புதானே என்று கோலெடுத்துக் கிட்டப் போவதும் புத்தியன்று. சுவாசப்பை கெட்டாலும் நச்சுப்பை கெடுவதில்லை. பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டு, அது விலகிப்போக இடம் விடுவதே தக்கது.

பாம்புக்குக் காய்ச்சல் வருமா என்பது அடுத்த கேள்வி. உடலுக்குள்ளே வெப்பத்தை ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் ஊர்வனவற்றுக்கு இல்லை. வெயிலிலும் சூடான மணலிலும் கடன் வாங்கியே அவை வாழ்கின்றன. ஆனால் அமெரிக்க மிச்சிகன் பல்கலைக்கழகத்துக் குளூகர் என்பாரும் அவர் கூட்டாளிகளும் 1974இல் பாலைநில ஓந்தி வகையொன்றில் ஒரு புதுமையைக் கண்டனர். பற்றீரியா ஏற்றப்பட்ட ஓந்திகள் தாமாகவே வழமையினும் சூடான இடத்தைத் தேடிப்போய்ப் படுத்தன! தம் காய்ச்சலைத் தாமே தேடிக்கொண்டன என்க. அடுத்த ஆண்டு வெளியிட்ட ஆய்விலே, சூட்டில் வைத்தவை பெரும்பாலும் பிழைத்ததையும், குளிரில் வைத்தவை பெரும்பாலும் மாண்டதையும் அவர்கள் காட்டினர். காட்டுப் பாம்பு தனக்கேற்ற வெயிலைத் தேடிப் போகலாம். பெட்டிக்குள்ளும் கூட்டுக்குள்ளும் கிடக்கும் பாம்பு எங்கே போகும்? மாரிகாலத்து வாடைக்காற்றில் பாம்பாட்டியின் பெட்டிக்குள் ஈரத்துணியோடு சுருண்டு கிடக்கும் நாகத்தைப் பார்த்து நாம் இரங்குவது இதனாலேதான்.

சளிக்குக் காரணம் பற்றீரியா மட்டும் அன்று என்பது 1972இல் வெளிப்பட்டது. சுவிற்சர்லாந்திலிருந்த ஒரு பாம்புப் பண்ணையில் தென்னமெரிக்க விரியன்கள் திடீரெனச் சாகத் தொடங்கின. உடல் தளர்ந்து நீட்டி நிமிர்ந்து கிடந்து, வாய் திறந்தபடி மாண்டன. அவற்றின் உறுப்புகளிலிருந்து ஒரு வைரசைப் பிரித்தெடுத்தனர். ஈட்டிமுனை என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரொன்று அவ்விரியன் வகைக்கு உண்டு. அப்பெயரையே வைரசுக்கும் இட்டனர். இன்று அவ்வகை வைரசுகள் பெர்லா வைரசுகள் எனப்படுகின்றன. நம் பிள்ளைகளுக்குச் சின்னமுத்தையும் கூகைக்கட்டையும் தரும் வைரசுகளின் குடும்பத்தைச் சேர்ந்தவை இவை. ஒரு கூட்டிற் புகுந்தால் பண்ணை முழுதும் பரவும். இவற்றைக் கொல்லும் மருந்து கிடையாது. கூட்டுக்குச் சூடேற்றி, கூடவரும் பற்றீரியாவுக்கு மருந்து கொடுத்து, உயிர் தங்குகிறதா என்று பார்த்திருப்பதே மிருக வைத்தியர் செய்யக்கூடியது.

2014இல் இன்னொரு கூட்டம் அகப்பட்டது. வீடுகளில் விருப்பத்துக்காக வளர்க்கப்படும் ஆபிரிக்க மலைப்பாம்புகளின் சுவாசப்பையிலிருந்து அமெரிக்க ஆய்வாளர்கள் எடுத்த அவ்வைரசு, 2020இல் உலகத்தையே வீட்டுக்குள் அடைத்த கொரோனா வைரசுக்குத் தூரத்து உறவு! இந்த உறவை வைத்துப் பாம்பின்மேற் பழி போட்டுவிட வேண்டாம். அவ்வாண்டு சனவரியில், புதிய கொரோனா நோய் கட்டுவிரியனிடமிருந்தோ நாகத்திடமிருந்தோ வந்திருக்கலாம் என்று சீன ஆய்வாளர் சிலர் எழுதியதும், பிற அறிஞர்கள் உடனே அதை மறுத்ததும் வாசகர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். பாம்பைத் தாக்கும் இவ்வைரசுகள் மனிதருக்குத் தொற்றியதாக அறியப்படவில்லை. பாம்பால் நமக்கு வரும் கேடு அதன் பல்லால் வருவதே.

அந்தப் பல்லுக்கு மாற்று எங்கிருந்து வருகிறது? பாம்பு தீண்டாமலிருக்க மருதமடுத் திருத்தலத்து மண்ணை வீட்டிற் பேணிவைப்பது மன்னாரில் நெடுநாள் வழக்கம். அந்த நம்பிக்கை இருக்கட்டும். தீண்டிய பின்னர் ஒரு நிமிடமும் தாமதியாமல் வைத்தியசாலைக்குப் போவதும் இருக்கட்டும். அங்கே ஏற்றப்படும் நச்சுமுறி மருந்து இந்தியாவிலிருந்து வருவது. குதிரையின் உடலிற் சிறிது சிறிதாக நஞ்சை ஏற்றி, அதன் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து அதை ஆக்குகின்றனர். அதற்கு வேண்டிய நஞ்சிற் பெரும்பகுதியைத் தருவது, மாமல்லபுரத்துக்கு அண்மையில் வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978இல் தோன்றிய இச்சங்கத்தினர் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து மண்பானையிலே வைத்து, மூன்று நான்கு கிழமைக்குள் நான்கு முறை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிளில் அடையாளமிட்டுக் காட்டிலே விட்டுவிடுகின்றனர். நீண்டகாலம் அடைத்து வையாமையால் பாம்பு நலிவதும் குறைவு. நம் மதிப்பில் இது மிக நல்ல ஏற்பாடு. எனினும் அருகிலிருந்த பானையிலிருந்து நோயைப் பெற்ற பாம்பொன்று காட்டுக்குத் திரும்பினால் அங்குள்ளவற்றுக்கும் அதைக் கொண்டுபோகும் என்பதையும் எண்ணத்தான் வேண்டும்.

இலங்கைப் பாம்பின் நஞ்சும் இந்தியப் பாம்பின் நஞ்சும் முற்றும் ஒன்றல்ல என்று நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகவே சொல்லி வருகின்றனர். மூக்கு நிமிர்ந்த குழிவிரியனின் கடிக்கோ அந்த மருந்து பயன்படுவதே இல்லை. இதனாற் கொஸ்தாரிக்கா நாட்டு ஆய்வு நிறுவனமொன்றின் துணையோடு, நம் பாம்புகளின் நஞ்சைக் கொண்டே மருந்தாக்கும் முயற்சியில் 2010களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தார் ஈடுபட்டனர். இத்தகைய வேலைக்குப் பாம்புகளை ஆண்டுக்கணக்கில் உயிரோடு பேண வேண்டும். புதிதாகப் பிடித்து வந்த பாம்பை மூன்று மாதமேனும் வேறு அறையில் வைத்துப் பார்க்க வேண்டும். நோய்க்குறி இல்லாத பாம்பும் வைரசைச் சுமந்திருக்கக்கூடும். ஒரு கூட்டைக் கிளறிய கொக்கியால் மறு கூட்டைத் தொடலாகாது; தண்ணீர்க் கிண்ணமும் கூட்டுக்கொன்றாக இருத்தல் வேண்டும்; கையைக் கழுவிய பின்னரே அடுத்த கூட்டைத் திறத்தல் வேண்டும்.