சாய்ந்தால் ஓடும் வண்டி

தஞ்சையிலும் நெல்லையிலும் பிறந்து, பிழைப்பின் பொருட்டுத் தில்லிக்கோ கொல்கத்தாவுக்கோ குடிபெயர்ந்த நம்மவர்களில் பெரும்பாலோர், ஒரு சமவெளியை விட்டு இன்னொரு சமவெளிக்கு வந்தவர்கள். கடலும் குன்றும் கைகோத்து நிற்கும் நகரம் நமக்குப் புதுமை. அத்தகைய நகரம் ஒன்றுக்கு இப்போது நம் சங்கத்துக் குடும்பங்களிலிருந்து ஆண்டுதோறும் பலர் போய் வருகின்றனர். மகனோ மகளோ கலிபோர்னியாவில் வேலையில் இருப்பார். பெற்றோர் சில மாதங்கள் தங்கி வரச் செல்வர். முதல் சனிக்கிழமை வந்ததும் பிள்ளைகள் அவர்களை ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கு அழைத்துச் செல்வர். அங்கே அவர்கள் எதிர்ப்படக்கூடிய விசித்திரங்களுள் ஒன்று செக்வே என்னும் இருசக்கர வண்டி. ஓட்டத் தெரியாதவரையும் வழிகாட்டி ஒருவர் பழக்கி, கூட்டமாக நகரைச் சுற்றிக் காட்டுவார். சில ஆண்டுகளுக்கு முன் நாமும் அவ்வாறு சுற்றி வந்தோம். அந்த நகரையும் அந்த வண்டியையும் பற்றி இம்மாதம் சில சொல்லக் கருதுகிறோம்.

முதலில் நகரம். மூன்று புறமும் நீர் சூழ்ந்த நிலமுனையில், சுமார் 120 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட குன்றுகளின்மேல் அது அமர்ந்திருக்கின்றது. 1848-இல் அங்கே வாழ்ந்தோர் ஏறக்குறைய ஆயிரம் பேர். அவ்வாண்டு ஜனவரியில் கலிபோர்னியாவின் உட்பகுதியில் பொன் கிடைத்தது. 1849 முடிவதற்குள் நகரின் மக்கள்தொகை சுமார் 25,000 ஆயிற்று. இந்த வெள்ளம் வருவதற்குச் சற்று முன்னர், 1847-இல், ஜாஸ்பர் ஓஃபாரல் என்ற நில அளவையாளர் நகருக்குத் தெருக்கள் வகுத்திருந்தார். அவை கட்டம் கட்டமாக, நேர் கோடுகளாக அமைந்தன. குன்று குறுக்கிட்டாலும் கோடு வளையவில்லை. குன்றின்மேலேயே ஏறி மறுபுறம் இறங்கிற்று.

அதன் பயனை இன்றும் கால்கள் அனுபவிக்கின்றன. பில்பர்ட் தெருவின் ஒரு பகுதியில், 100 அடி முன்னே செல்வதற்குள் முப்பத்தோர் அடிக்கு மேல் ஏற வேண்டும். மிகச் செங்குத்தான தெருக்கள் சிலவற்றில் நடைபாதையையே படிக்கட்டாக வெட்டிவிட்டார்கள். லம்பார்டு தெருவின் ஒரு துண்டு மோட்டார் வண்டிகளால் ஏற இயலாதபடி இருந்தமையால், 1922-இல் அதனை எட்டு வளைவுகள் கொண்ட பாம்புப் பாதையாக்கினர். இருமருங்கும் பூச்செடிகள் நிற்க, வண்டிகள் நத்தையாய் ஊர்ந்து இறங்கும் அக்காட்சியைக் காண எந்நாளும் கூட்டம்.

மனிதன் படும் பாடு இதுவென்றால், பாரம் இழுத்த குதிரைகளின் பாட்டைக் கேட்கவும் வேண்டுமோ? ஈரக் கல் பாவிய மேட்டில் குதிரைகள் சறுக்கி விழுந்து இழுபட்டதைக் கண்டு மனம் வருந்தியே ஆண்ட்ரூ ஹாலிடி என்பவர் கேபிள் காரை எண்ணினார் என்று கூறுவர். அவர் சுரங்கங்களுக்கு இரும்புக் கம்பிவடம் செய்து தந்த தொழிலதிபர். 1873 ஆகஸ்டில் கிளே தெருவில் அவர் வண்டி முதன்முதலாக ஓடிற்று. தெருவுக்கு அடியில் வடம் ஒன்று இடைவிடாது ஓடும். வண்டியோட்டி நெம்புகோலால் அதனைப் பற்றினால் வண்டி நகரும், விட்டுத் தடையை அழுத்தினால் நிற்கும். மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் என்ற ஒரே சீரான வேகம். வண்டியில் எஞ்சினே கிடையாது. கவலை முழுவதும் தெருவுக்கு அடியில். மேலே இருப்பவர்க்குக் காட்சி மட்டுமே.

இனி செக்வே. அமெரிக்கப் புனைவாளர் டீன் கேமன் 2001 டிசம்பர் 3-ஆம் நாள் இதனை உலகுக்குக் காட்டினார். படிக்கட்டிலும் ஏறவல்ல சக்கர நாற்காலி ஒன்றை உடற்குறை உடையோருக்காக ஆக்கியபோது கைவந்த வித்தையே இதற்கு மூலம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சக்கரங்கள், நடுவே நிற்க ஒரு தட்டு, மார்பளவு உயர்ந்த தண்டு, அதன் தலையில் கைப்பிடி. வண்டியின் எடை சுமார் 47 கிலோ. நிற்பவரின் சாய்வை ஜைரோஸ்கோப் முதலிய நுண்கருவிகள் வினாடிக்கு 100 தடவை அளந்து சக்கரங்களுக்குச் சொல்கின்றன. நாம் முன்னே சாய்ந்தால், விழாமல் தாங்குவதற்காகச் சக்கரங்கள் முன்னே ஓடுகின்றன. பின்னே சாய்ந்தால் வேகம் தணிந்து நிற்கின்றன. தண்டை இடமோ வலமோ சாய்த்தால் அப்பக்கம் திரும்புகின்றது. குழந்தை தள்ளாடி முன்னே விழப் போகையில் கால் எடுத்து வைத்து நடக்கக் கற்கின்றதல்லவா? அதுவே இந்த யந்திரத்தின் சூத்திரம். உச்ச வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். அதனை எட்டினால் கைப்பிடி நம்மைப் பின்னுக்குத் தள்ளி எச்சரிக்கும்.

கடற்கரையை ஒட்டிய மீனவர் துறைக்கு அருகே ஒரு முற்றத்தில் எங்கள் கூட்டத்துக்குப் பயிற்சி நடந்தது. தலைக்கவசம் அணிவித்தபின், தட்டு சமமாக நிற்கின்றதா என்று பார்த்து, ஒரு காலை வைத்து, பின் மறுகாலை வைக்கச் சொன்னார் வழிகாட்டி. முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் கோயில் பொம்மைக் குதிரையில் ஏறியவர்போல் முன்னும் பின்னும் ஆடினோம். "சக்கரத்தைப் பார்க்காதீர்கள், தூரத்தைப் பாருங்கள்" என்றார் அவர். பார்வை உயர்ந்தது, ஆட்டமும் அடங்கிற்று.

கூட்டத்தில், புனேயிலிருந்து மகனிடம் வந்திருந்த தமிழ்த் தம்பதியர் இருந்தனர். அம்மையார் வண்டியைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றி மகன் கையில் கொடுத்தார்.

"பயப்படாதே அம்மா, நான் பக்கத்திலேயே வருகிறேன்."

"பயம் இல்லையப்பா. என் முழங்கால் எனக்குத் தெரியும். நீயும் அப்பாவும் போய்விட்டு வாருங்கள்."

"பணம் கட்டியாகிவிட்டதே அம்மா!"

"கட்டின பணம் போனால் போகிறது. கால் போனால் வருமா?"

மகன் மேலும் வற்புறுத்த வாயெடுத்தான். தந்தையார், "விடு, அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று முடித்து வைத்தார். அறுபத்தெட்டு வயதான அவர், பயிற்சி முடிவதற்குள் எங்களில் பலரைவிட நன்றாக ஓட்டினார். அம்மையார் கடலைப் பார்த்த பெஞ்சு ஒன்றில் அமர்ந்துகொண்டார்.

மேற்கு நோக்கிக் கடலோரமாகப் புறப்பட்டோம். வலப்புறம் விரிகுடா, அதன் நடுவே, 1934 முதல் 1963 வரை கொடிய கைதிகளுக்கான சிறையாக இருந்த அல்கட்ராஸ் தீவு. போர்ட் மேஸனை ஒட்டி வழி ஏறிற்று. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் களத்துக்குப் பதினாறு லட்சத்துக்கு மேற்பட்ட வீரர்களை அனுப்பிய துறைமுகத் தலைமையகம் இருந்த இடம் அது. ஏற்றத்தில்தான் செக்வேயின் அருமை தெரிகின்றது. பாதை சாய்ந்திருக்கின்றது, நாம் நிற்கும் தட்டோ சமமாகவே இருக்கின்றது. மூச்சு வாங்கவில்லை, கால் கடுக்கவில்லை. இறங்கும்போது சற்றே பின்சாய்ந்து நிற்க, இறக்கத்தின் வேகத்தையே மின்சாரமாக்கி வண்டி தன் பேட்டரிக்கு ஊட்டிக்கொள்கின்றது. ஆனால் நம் முழங்கால்கள் இளகி நிற்க வேண்டும். விறைத்து நின்றவர்கள் ஒவ்வொரு மேட்டிலும் அவதிப்பட்டார்கள். அம்மையாரின் கணக்கு அப்போது நமக்கு விளங்கிற்று.

ஓரிடத்தில் வழிகாட்டி வண்டியை நிறுத்தி, அகன்ற நடைபாதை ஒன்றைக் காட்டினார். "இதன்மேல் மட்டும் ஏறாதீர்கள். சட்டப்படி குற்றம்" என்றார். அதன் வரலாறு கேட்கத் தக்கது. செக்வே வெளிவந்தபோது, குதிரை வண்டியை மோட்டார் விரட்டியதுபோல் மோட்டாரை இது விரட்டும் என்று அதனை ஆக்கியவர் நம்பினார். அமெரிக்க மாகாணங்கள் பல, இது நடைபாதையில் செல்லலாம் என்று சட்டம் இயற்றின. கலிபோர்னியாவும் 2002-இல் இயற்றிற்று. ஆனால் அவ்வாண்டின் இறுதியிலேயே ஸான் பிரான்ஸிஸ்கோ நகரசபை, தன் நடைபாதைகளில் அது செல்லலாகாது என்று தீர்மானித்தது. முதியோரும், பார்வை இழந்தோரும், உடற்குறை உடையோரும் எழுப்பிய குரலே அதற்குக் காரணம். ஐம்பது கிலோ யந்திரம் ஓசையின்றிப் பின்னால் வந்தால் கண் தெரியாதவர் எங்ஙனம் விலகுவார் என்பது அவர்கள் கேள்வி. புதுமைகளின் தாயகம் என்று பெயர் பெற்ற வட்டாரம் அது. எனினும் அந்நகரம் புதுமையைப் பார்த்து, "நீ வரலாம்; நடப்பவன் இடத்தில் மட்டும் வராதே" என்று சொல்லிற்று.

மெரினாப் பகுதியைக் கடந்து நுண்கலை மாளிகையை அடைந்தோம். 1915-இல் நடந்த உலகக் கண்காட்சிக்காகச் சில மாதமே நிற்கும்படி எழுப்பிய கட்டடம். மக்கள் இடிக்க மனமின்றி விட்டு வைத்து, 1960-களில் கான்கிரீட்டில் மீண்டும் கட்டினார்கள். அக்கண்காட்சிக்காகக் கடலைத் தூர்த்து நிரப்பிய நிலத்தின்மேல் பின்னர் வீடுகள் எழுந்தன. 1989 அக்டோபர் 17-ஆம் நாள் நிலம் நடுங்கியபோது, அந்த நிரப்பு மண் சேறாய்க் குழைந்து வீடுகளைச் சாய்த்தது. அங்கிருந்து பார்த்தால் 1937-இல் திறந்த கோல்டன் கேட் பாலம், இரு தூண்களுக்கிடையே 1,280 மீட்டர் நீளம் தொங்குவது தெரியும்.

வண்டியில் சென்றவர் காணாத ஓர் இடத்தை, நாம் பிறகு காலால் நடந்து கண்டோம். மெரினாவுக்குத் தெற்கே வெப்ஸ்டர், பில்பர்ட் தெருக்கள் கூடும் மூலையில் வேதாந்த சங்கத்தின் பழைய ஆலயம் இருக்கின்றது. சென்னை அன்பர்கள் முன்னின்று கடல் கடந்து அனுப்பிய விவேகானந்தர் 1900-இல் இந்நகரில் தங்கிச் சங்கம் நிறுவினார். சுவாமி திரிகுணாதீதானந்தர் 1906 ஜனவரியில் இவ்வாலயத்தைத் திறந்து வைத்தார். மூன்று மாதத்தில், ஏப்ரல் 18-ஆம் நாள், பெரும் நிலநடுக்கமும் தீயும் நகரின் பெரும்பகுதியை அழித்தன. ஆலயம் தப்பிற்று. நம்மவர் அங்குச் சென்றால் தவறாது பார்க்க.

ஒன்றரை மணிக்குப் பின் முற்றத்துக்குத் திரும்பினோம். அம்மையாரைப் பெஞ்சில் காணவில்லை. மகன் பதறினான். சற்று நேரத்தில் அவரே மெல்ல நடந்து வந்தார். 39-ஆம் எண் தோணித்துறையில் கடற்சிங்கங்கள் கூட்டங்கூட்டமாய்ப் படுத்துக் குரைப்பதைப் பார்த்து வந்தாராம். "ஒன்றை ஒன்று தள்ளிவிட்டு இடம் பிடிக்கிறது, நம் ரயிலில் போலவே" என்று சிரித்தார். 1989 நிலநடுக்கத்துக்குப் பிறகே அவை அத்துறையில் பெருங்கூட்டமாகக் குடியேறின. அவையும் புலம்பெயர்ந்தவைதாம்.

செக்வேயின் கதை நீளவில்லை. 2020 ஜூலையில் அவ்வண்டியைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள். ஏறக்குறைய இருபது ஆண்டில் விற்றவை சுமார் 1,40,000 மட்டுமே. எஞ்சிய வண்டிகள் உலகின் சில நகரங்களில் சுற்றுலாக் கூட்டத்தைச் சுமந்து திரிகின்றன. கேபிள் காரோ 1873-இல் பிறந்தது. இன்றும் மூன்று தடங்களில் ஓடுகின்றது. 1947-இல் நகரத் தலைவர் அதனை ஒழிக்க முனைந்தபோது, பிரீடல் கிளஸ்மன் என்ற பெண்மணி மகளிரைத் திரட்டி, பொதுவாக்கெடுப்பில் வென்று காத்தார். ஒன்று நிலைத்ததும் மற்றொன்று தேய்ந்ததும் ஏன்? விலை ஒரு காரணம். முதலில் ஒரு செக்வே ஏறக்குறைய 5,000 டாலர். வேறொரு காரணமும் நமக்குத் தோன்றுகின்றது. கேபிள் கார் தனக்கென்று தடம் கொண்டது, நடப்பவனையும் ஏற்றிக்கொண்டது. செக்வே நடப்பவனுடைய இடத்தைக் கேட்டது. அதனைக் கொடுக்க அந்நகரம் மறுத்தது.

இனி, பயணப்படும் பெரியவர்களுக்குச் சில சொற்கள். இவ்வண்டி தாங்கும் எடை 45 கிலோ முதல் 118 கிலோ வரை. மிக மெலிந்தவரின் சாய்வை அது சரிவர உணராது. கருவுற்றோரும், தலைசுற்றலோ முழங்கால் நோவோ உடையோரும் ஏறலாகாது. மற்றவர்க்கு வயது ஒரு தடையன்று. பயிற்சியை முழுமையாகக் கேட்டு, குதியில்லாச் செருப்பணிந்து, முழங்காலை இளக்கி நின்றால் அது இனிய அனுபவம்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். பெற்றோர் உங்களைக் காணவே அவ்வளவு தொலைவு வருகின்றனர். அவர்களுக்கு எல்லாம் காட்ட வேண்டும் என்னும் உங்கள் ஆர்வம் அன்பில் பிறந்ததே. ஆயினும் சீட்டு வாங்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் அச்சம் என்று எண்ணாதீர்கள். தன் உடம்பின் மேடு பள்ளங்களை அறிந்தவர் சொல்லும் சொல் அது. ஒரு மாநகரமே "இங்கே வேண்டாம்" என்று சொல்லத் தயங்காதபோது, நம் வீட்டுப் பெரியவர்களும் தயங்க வேண்டியதில்லை.