ரிங்லெட் இறக்கமும் பிரேக் எண்ணெயும்

போன தீபாவளிக்கு ரிங்லெட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு, மறுநாள் எல்லாரும் ஒரே காரில் கீழே இறங்கிக்கொண்டிருந்தோம். ஓட்டியவன் என் தங்கை மகன். கோலாலம்பூரில் வேலை. மாதச் சம்பளத்தில் பாதி காருக்கும், மீதி செப்பாங் பந்தயத் தடத்துக்கும் போகிறது என்பது என் தங்கையின் புலம்பல். நான் முன் இருக்கையில். பின்னால் தங்கையும், தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்த எங்கள் அம்மாவும்.

வளைவுகளில் அம்மாவுக்குத் தலை சுற்றியது. லத்தா இஸ்கந்தார் அருவியில் நிறுத்தி, முகம் கழுவி, பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினோம். முதல் வளைவுக்கு முன் மருமகன் பிரேக்கை மிதித்தான். பெடல் தரைவரை போனது. கார் நிற்கவில்லை.

படபடவென்று நாலைந்து முறை மிதித்து, கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து ஓரங்கட்டினான். பின்னால் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. "என்னப்பா, திரும்பவும் நிப்பாட்டிட்ட?" என்று மட்டும் அம்மா கேட்டார்.

அவன் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்: "மாமா, ரேஸ் எண்ணெய்தான் போட்டிருக்கேன். முந்நூறு டிகிரி தாங்கும்!"

அந்த முந்நூறில்தான் விஷயமே இருக்கிறது.

நாம் பெடலை மிதிக்கும் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது பிரேக் எண்ணெய். திரவத்தை நசுக்க முடியாது. அதனால்தான் கால் கொடுக்கும் அழுத்தம் அப்படியே போய்ச் சேர்கிறது. ஆனால், எண்ணெய் கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழ்கள் உண்டாகும். ஆவி நசுங்கும். கால் அழுத்தமெல்லாம் குமிழை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும்.

ரிங்லெட் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கிருந்து தாப்பாவுக்கு 59-ஆம் எண் சாலையில் சுமார் 45 கிலோமீட்டர், பெரும்பாலும் இறக்கம். ஆட்களோடு 1,400 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி முழுவதும் வெப்பமானால், சுமார் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும். அதில் ஒரு பங்கைக் காற்றும் இன்ஜினும் வாங்கிக்கொள்ளும். 'டி'யில் போட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் மீதி அத்தனையும் பிரேக்குக்குத்தான்.

அப்படியென்றால் ஓடும்போது ஏன் கொதிக்கவில்லை, நிறுத்திய பிறகு ஏன்? ஓடும்போது காற்று பட்டு டிஸ்க் ஆறிக்கொண்டிருக்கும். நிறுத்தியதும் காற்று நின்றுவிடும். டிஸ்கின் சூடு பேட் வழியாக எண்ணெய்க்கு ஏறும். அருவியில் நாங்கள் இளைப்பாறிய பத்து நிமிடத்தில் பிரேக் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது.

இனி எண்ணுக்கு வருவோம். பிரேக் எண்ணெய்க்குக் கொதிநிலை இரண்டு. புட்டி திறந்த புதிதில் ஒன்று, 3.7 விழுக்காடு தண்ணீர் கலந்த பிறகு ஒன்று. டாட் 3 எண்ணெய்க்குக் குறைந்தது 205, 140 டிகிரி செல்சியஸ். டாட் 4-க்கு 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. பந்தய எண்ணெய்கள் புதிதில் 300-ஐத் தாண்டும். ஆனால், ஈரம் ஏறிய பிறகு பலவற்றின் அளவு 200-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. விலை மிகக் கூடிய ஒன்றிரண்டு மட்டும் 270-ஐ நெருங்கும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது? இவ்வகை எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. ரப்பர் குழாய் வழியாகவும் மூடி வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். பந்தயக் குழுக்கள் போட்டிக்குப் போட்டி எண்ணெயை மாற்றுகின்றன. அவர்களுக்குப் பெரிய எண் உண்மை. மருமகன் அந்த எண்ணெயைப் போட்டு ஒன்றரை வருடம். நடுவில் மூன்று முறை செப்பாங். அவன் காரில் அன்று 300 இல்லை.

செப்பாங்கில் நீண்ட நேர்ப்பாதைகள் முடியும் இடங்களில் பிரேக் கடுமையாகச் சுடும். ஆனால், அடுத்த நேர்ப்பாதையில் ஆற நேரம் கிடைக்கும், ஓட ஒதுங்க இடமும் உண்டு. தாப்பா சாலையில் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம்.

ஒரே காரில் வேலைக்கும் பந்தயத் தடத்துக்கும் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். காரின் கையேடு அனுமதிக்கும் வகையில், ஈரக் கொதிநிலை அதிகமுள்ள நல்ல டாட் 4 அல்லது டாட் 5.1 வாங்குங்கள். பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள், சின்ன எண்ணைப் பாருங்கள். வருடம் ஒருமுறை மாற்றுங்கள்; தடத்துக்குப் போகுமுன் மாற்றினால் இன்னும் நல்லது. தடத்தில் ஒருமுறை பெடல் மெத்தென்று ஆனால், வீட்டுக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள். திறந்து மீந்த புட்டியை எடுத்து வைக்காதீர்கள். டாட் 5 என்பது சிலிக்கோன், பெயர் 5.1 போல இருந்தாலும் வேறு சரக்கு, மற்றவற்றோடு கலக்கவே கூடாது.

தடத்துக்கே போகாத குடும்பக் காருக்குக் கையேட்டில் சொன்ன எண்ணெயே போதும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால். மலை இறங்கும்போது குறைந்த கியரில் இறங்குங்கள். பெடல் மெத்தென்று போனால் எண்ணெய் கொதிக்கிறது. பெடல் கல்லாக இருந்தும் கார் நிற்காவிட்டால் பேட் சூடேறிவிட்டது. இரண்டுக்கும் ஓரங்கட்டி ஆறவிட வேண்டும்.

அன்று நாங்கள் இழுவை வண்டியை வரவழைத்தோம். மறுநாள் பட்டறையில் பெடல் கெட்டியாக இருந்தது. ஆறியதும் ஆவி திரும்பவும் திரவமாகிவிடும், "பிரேக் நல்லாத்தானே இருக்கு?" என்றார் மெக்கானிக். மருமகன் விடவில்லை, மாற்றச் சொன்னான். வெளியே வந்த எண்ணெய் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது.

இப்போது எண்ணெய் மூடியில் ஒரு துண்டு ஒட்டுத்தாள் இருக்கிறது. அதில் டிகிரி எழுதவில்லை. மாற்றிய தேதிதான் எழுதியிருக்கிறான். இந்த வார இறுதியில் மலை ஏறுகிறவர்கள் கிளம்புமுன் யோசித்துப் பாருங்கள்: உங்கள் காரின் அந்தத் தேதி எது?