கூட்டத்துக்குள் ஆம்புலன்ஸ் வருமா?

தஞ்சை மாவட்டத்தில் கூட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. தேரோட்டம், கும்பாபிஷேகம், கட்சி மாநாடு என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று இருக்கும். எல்லாவற்றிலும் பெரியது, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் கும்பகோணம் மகாமகம்.

1992 மகாமகத்தன்று குளக்கரை நெரிசலில் ஏறத்தாழ 50 பேர் இறந்தார்கள். 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோயில் கும்பாபிஷேகத்துக்கான யாகசாலைப் பந்தல் தீப்பிடித்ததில் 40-க்கும் மேற்பட்டோர் பலி. 2025 செப்டம்பரில் கரூர் நெரிசலில் 41 பேர்!

விழா என்றதும், இத்தனை ஆம்புலன்ஸ் தயார், இத்தனை டாக்டர்கள் தயார் என்று கணக்குச் சொல்வார்கள். சரி, அந்த ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது?

நெரிசலில் பெரும்பாலோர் மிதிபட்டுச் சாவதில்லை. நாலு பக்கமும் நெருக்குவதில் மார்பு விரிய முடியாமல், நின்றபடியே மூச்சு அடைத்துச் சாகிறார்கள். இதயம் நின்றுவிட்டால் நான்கைந்து நிமிடத்தில் மூளை கெடத் தொடங்கும். மகாமகக் குளம் சுமார் 6 ஏக்கர். நான்கு கரையிலும் ஜனம், சுற்றிலும் கடைத்தெரு. தெருமுனையில் நிற்கும் வண்டி அதற்குள் வந்து சேருமா?

ஆகவே மருத்துவம் கூட்டத்துக்கு உள்ளேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு கரையிலும் ஆக்சிஜனோடு முதலுதவிக் கூடம். ஸ்ட்ரெச்சர் போக மட்டும் ஒரு பாதை, அதில் வி.ஐ.பி. கார்கூட நுழையக் கூடாது. யாருக்கு முதலில் சிகிச்சை, யாரை கும்பகோணம் அரசு மருத்துவமனைக்கு அனுப்புவது, யாரை தஞ்சை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவது என்று அங்கேயே பிரித்துச் சொல்ல ஒரு டாக்டர்.

வெயிலும் ஆளைக் கொல்லும். 2024 அக்டோபரில் மெரினா விமானக் காட்சிக்குப் போனவர்களில் 5 பேர் இறந்தார்கள். நிழலும் குடிநீரும்கூட மருத்துவ ஏற்பாடுதான்.

இதற்கெல்லாம் ஆள் எங்கே என்று கேட்கலாம். கும்பகோணத்திலும் தஞ்சையிலும் எத்தனை கல்லூரிகள்! மார்பை அழுத்தி உயிர் காக்கும் முறையைக் கற்க ஒரு நாள் போதும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கும், காவலுக்கு வரும் போலீசாருக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தால், விழுந்தவர் பக்கத்திலேயே ஒருவர் இருப்பார்.

2016 மகாமகம் பெரிய விபத்து இல்லாமல் முடிந்தது. அதை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. அடுத்த மகாமகம் 2028-இல். பந்தக்கால் நட்ட பிறகு யோசித்தால் பாதைக்கு இடம் கிடைக்காது. வரைபடம் இப்போதே போட வேண்டும்!