கையில் கலர் கயிறு... அவிழ்க்க வேண்டியது பள்ளியா, வீடா?

சாதியைக் காட்டும் கலர் கயிறுகளை மாணவர்கள் கட்டிவரக் கூடாது என்று நீதிபதி சந்துரு குழு பரிந்துரைத்தது நினைவிருக்கலாம். சரி, பள்ளி வாசலில் கழற்றிவிடலாம். ஆனா, அந்தக் கயிறைப் பெருமையா நினைக்கப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

நாங்குநேரியில் என்ன நடந்தது?

2023 ஆகஸ்ட் 9. நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் பட்டியலின பிளஸ் 2 மாணவர் ஒருவரை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் அவர் படித்த பள்ளி மாணவர்கள். அவர்கள் கொடுத்த தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே அவர் நிறுத்தியிருந்தார். காரணம் ஆசிரியர்களுக்குத் தெரிந்து புகாரானதும், தாக்குதல் நடந்தது.

சிகிச்சைக்குப் பிறகு தேர்வெழுதிய அந்த மாணவர், 600-க்கு 469 மதிப்பெண் எடுத்தார்.

சந்துரு குழு சொன்னது என்ன?

இந்தச் சம்பவத்தால் அமைக்கப்பட்ட குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. முக்கியப் பரிந்துரைகள்:

* கயிறு, மோதிரம், திலகம் போன்ற அடையாளங்களுக்குத் தடை
* பள்ளிப் பெயர்களில் சாதிப் பெயர் நீக்கம்
* அகர வரிசைப்படி மாணவர்களுக்கு இருக்கை
* 6 முதல் 12-ம் வகுப்பு வரை அறநெறி வகுப்பு

இதெல்லாம் பள்ளி நேரத்துக்கு. மாலை வீடு திரும்பும் பிள்ளை, "உன் ஃப்ரெண்டு நம்ம ஆளுங்களா?" என்ற கேள்வியைக் கேட்டால், காலையில் படித்த அறநெறி அங்கேயே முடிந்துவிடும்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

* பள்ளிக்குப் போக மாட்டேன் என்று பிள்ளை அடம்பிடித்தால், சோம்பல் என்று திட்டாதீர்கள். யாராவது மிரட்டுகிறார்களா என்று கேளுங்கள்.
* கையில் புதுக் கயிறு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சாதிப் பெருமை, அரிவாள் வீடியோ தெரிந்தால், "வயசுக் கோளாறு" என்று விடாதீர்கள். யார் கொடுத்தது, எதற்கு என்று உட்கார்ந்து பேசுங்கள்.
* உங்கள் பிள்ளை மேல் புகார் வந்தால், "எம்புள்ள அப்படிச் செய்யாது" என்று சண்டைக்குப் போகும் முன் முழுசாகக் கேளுங்கள்.
* வீட்டுக்கு வரும் நண்பனுக்கு, உங்கள் பிள்ளை சாப்பிடும் அதே தட்டில் சோறு போடுங்கள்.

ஊர்ப் பெரியவர்களுக்கும் பங்கு உண்டு. கோயில் கொடைக்கு வைக்கும் சாதி ஃபிளக்ஸில் பள்ளிப் பையன்கள் படம் வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், ஊர் கேட்கும்.

பிள்ளைகளுக்குத் தொல்லை இருந்தால் 1098 சிறார் உதவி எண்ணிலோ, பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலோ பேசலாம்.